வைரம் என்று பொறுக்கிய கட்டை

அந்த மரத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. ஒன்பது வருடம் அதைத் தூக்கி, தட்டிப் பார்த்து, அடுக்கி, அதன் தூளை மூக்கில் ஏற்றிக்கொண்டு சம்பளம் வாங்கியவன் நான். கப்பல் காகிதங்களில் ஆஷ் என்று போட்டிருக்கும். ஐரோப்பாவின் வடக்கே காடு காடாக நிற்கிற மரம் என்று முதலாளி சொல்லுவார். அவரும் பார்த்ததில்லை. பட்டறையில் நாங்கள் அதை வெள்ளைக் கட்டை என்றே சொன்னோம். அப்படிச் சொல்வதில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு.

எங்களுடையது காம்புப் பட்டறை. சுத்தியல், சம்மட்டி, கோடாரி எல்லாவற்றுக்கும் காம்பு செய்கிற இடம். திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் சந்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. துறைமுகத்திலிருந்து லாரியில் உருட்டுக் கட்டை வரும். அறுத்து, காயவைத்து, கடைந்தால் பாதி மறுபடியும் கப்பலேறிப் போகும். மீதி எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இரும்போடு மல்லுக்கட்டுகிற கம்பெனிகளுக்குப் போகும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது கட்டை பிரிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அறுபட்டு வருவதைப் பார்த்து, இது சம்மட்டிக்கு, இது சின்னச் சுத்தியலுக்கு, இது அடுப்புக்கு என்று பிரித்துப் போட வேண்டும். ஓங்குகிறபோது ஒரு காம்பு முறிந்தால் இரும்புத் தலை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரித்துப் போடுகிறவன் கண்ணை நம்பித்தான் மற்றவர்கள் ஓங்குகிறார்கள். இதை நான் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது.

மரம் பார்ப்பதில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்றுதான். நடுவில் கறுத்துக் கிடப்பது வைரம், அதுதான் பலம். சுற்றி வெளுத்திருப்பது வெறும் சதை. வண்டு துளைக்கும், உளுத்துப்போகும். வேம்பானாலும் கருவேலமானாலும் புளியானாலும் இதுதான் சட்டம். நிலைக்கதவு வாங்கப் போகிறவர்கள்கூட வைரம் பாய்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இந்த ஆஷ் மரமோ பட்டையை உரித்ததிலிருந்து நடு வரைக்கும் பெரும்பாலும் ஒரே வெளுப்பு. ஆனால் அந்த வெளுப்புக்குத்தான் வலு அதிகம், வளைந்து கொடுக்கும், எத்தனை அடி அடித்தாலும் தாங்கும் என்பது வேலையில் எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றால் என் கைக்குத் தெரிந்தது. மனசு மட்டும் நம்பவேயில்லை.

என் மச்சானும் நம்பவில்லை. என் மனைவியின் அண்ணன் அவன். எனக்கு ஒரு வயது மூத்தவன், கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோஸ்து. காலடிப்பேட்டையில் அம்மாவோடு இருந்தான். கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஒடுக்கு எடுக்கிற வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளில் இடிபட்டு உள்வாங்கிய இரும்புச் சுவரை உள்ளே நின்று சம்மட்டியால் அடித்து வெளியே தள்ள வேண்டும். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் நிற்பதே தண்டனை. அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பெயின்டும் தின்னரும் நாறுகிற சட்டையோடு, நாள் பூராவும் உள்ளே நின்று அடிப்பான்.

அவன் குடிக்க மாட்டான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் போய் முட்டியது. அவனுடைய அப்பா சாராயத்தில் போனவர். அத்தை, அதாவது என் மாமியார், தலையில் மீன் கூடை சுமந்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். அப்பா குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்த மச்சான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எத்தனையோ இடத்தில் ஊற்றிக் கொடுத்தும், சோடாவை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தவன். கூடவே எழுந்து வரத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் பால்டிக் கடலோரத்திலிருந்து ஒரு பெரிய சரக்கு வந்தது. வழக்கத்தைவிட மலிவு. முதலாளி வாயெல்லாம் பல்லாக இருந்தார். ஏன் மலிவு என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரம்பத்தில் போட்டபோது, அடிமரமாக இருந்த துண்டுகளில் நடுவே தவிட்டு நிறமாகக் கறுத்திருந்தது. சிலதில் கரண்டி அகலம், சிலதில் உள்ளங்கை அகலம். ரம்பத்தில் நின்றவர் அறுப்பதை நிறுத்திவிட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைக்காரன் மரத்திலும் வைரம் பாய்ந்திருக்கிறது பார் என்று எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். முதல் தடவையாக அந்த மரம் எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது.

கறுத்த துண்டுகளை நான் தனியாக அடுக்கினேன். அவை கைக்குக் கொஞ்சம் லேசாக இருந்தன. நன்றாகக் காய்ந்த கட்டை என்று நினைத்துக்கொண்டேன். தட்டினால் மற்றதுபோலக் கணீரென்று கேட்காமல் சத்தம் அமுங்கி வந்தது. வைரம் கெட்டியாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கை சொன்னதையெல்லாம் மனசு திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டது. அடுக்கின் தலைமாட்டில் சாக்பீஸால் 'வைரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியதும் நான்தான்.

மச்சானுக்குப் பழைய காம்பு தளர்ந்து போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தான். நான் எடுத்துக் காட்டிய வெள்ளைக் காம்பைத் தள்ளி வைத்துவிட்டு, முருங்கைக் கட்டை மாதிரி இருக்கிறது என்றான். பிறகு அந்த அடுக்கைப் பார்த்தான், என் எழுத்தையும் பார்த்தான்.

"இத்த வச்சிகினு இன்னாத்துக்கு அத்தக் குடுக்கிற? எனுக்கு இதுல ஒண்ணு போடு மச்சான்."

போட்டேன். உள்ளதிலேயே கறுப்பு அதிகமாக இருந்ததைப் பொறுக்கி, நானே நின்று கடைய வைத்து, எண்ணெய் தடவி, ஆப்பு அடித்து இறுக்கிக் கொடுத்தேன். ஒரு தடவை காற்றில் ஓங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அத்தைக்கும் பெருமை. என் மாப்பிள்ளை செய்து கொடுத்தது என்று மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

நாலு மாதம் உழைத்தது. ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்கு போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் முகத்தின் இடது பாதியைக் கட்டியிருந்தார்கள். ஓங்கி அடித்தபோது காம்பு முறிந்து, சம்மட்டித் தலை இரும்புச் சுவரில் மோதித் திரும்பி வந்து கண்ணுக்குக் கீழே எலும்பில் அடித்திருக்கிறது. அங்கிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பத்து நாள் பார்த்தார்கள். இடது கண் திரும்பவில்லை.

அவனுடைய டிபன் கேரியரையும் சட்டையையும் எடுத்து வர நான் யார்டுக்குப் போயிருந்தேன். முறிந்த காம்பு அங்கேயே கிடந்தது. குனிந்து எடுத்தேன். நல்ல ஆஷ் காம்பு முறிந்தால் கிழியும், நீள நீளமாகச் சிலாம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். இது ரஸ்க்கை உடைத்ததுபோல மொட்டையாக முறிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோலப் பேப்பரில் சுற்றி, கேரியரோடு அவன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கேட்க வேண்டியதை நான் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

யார்டு சூப்பர்வைசர் அதற்குள் எழுதி முடித்திருந்தார். ஆள் குடித்திருந்தான், வாடை வந்தது, கண்டபடி அடித்தான் என்று. வாடை தின்னர் வாடை. அதை மோந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. மச்சானை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. அதையெல்லாம் விடுங்கள். அத்தை நம்பிவிட்டாள், அதுதான் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது. புருஷனிடம் பார்த்ததைத்தான் பிள்ளையிடமும் பார்க்கப்போகிறோம் என்று அவள் எத்தனை வருடம் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாளோ தெரியவில்லை. சூப்பர்வைசர் சொன்னதும் அந்தப் பயம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அவன் இல்லை என்றான். அவனுடைய அப்பாவும் இல்லை என்றுதானே சொல்லுவார். அதற்கப்புறம் அவள் மகனோடு பேசவில்லை. ஒரே அறை, ஒரே அடுப்பு, ஆனால் அவன் வாங்கி வந்ததை அவள் தொடமாட்டாள். தன் சோற்றைத் தனியாக வடித்துக்கொண்டாள்.

அவனுக்கு ஒரு வழி இருந்தது. காம்பு கெட்டது, அதனால் முறிந்தது என்று சொல்லியிருக்கலாம். அதை அவன் சொல்லவேயில்லை. ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் சொன்னது இதுதான்:

"கட்டை மேல தப்பு இல்ல மச்சான். நீ பொறுக்கினது, வைரம். என் கைதான் எங்கனா எசகுபிசகா போய்க்கீது."

நான் தலையாட்டினேன். என் வார்த்தையை அவ்வளவு நம்பினான். கட்டை நல்லது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது அவன் கை மட்டும்தான். கை ஏன் தவறியது என்று அவனையே அவன் கேட்டுக் கேட்டு, கடைசியில் பதில் இல்லாமல், யாராவது குடித்திருந்தாய் என்றால் சும்மா இருக்கவும் ஆரம்பித்துவிட்டான். பேசி வைத்திருந்த பெண்வீட்டார் பின்வாங்கினார்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அரைப் பார்வையோடு பகலெல்லாம் ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வருடம் ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், அந்த அதிகாரி வந்தார். மரம், செடி வழியாக வெளிநாட்டு நோய் உள்ளே வந்துவிடாமல் பார்க்கிற அரசாங்க அலுவலகம் ஒன்று உண்டு, அங்கிருந்து வந்தவர். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். புதிதாக வந்த சரக்கில் சில கட்டைகள் பட்டையோடு இருந்ததால் பார்க்க வந்திருந்தார். கட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தவர் என் தனி அடுக்குக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இதுங்கள எரிக்கறதுக்குத் தனியா வச்சிருக்கீங்களாங்க?" என்று கேட்டார்.

இல்லை மேடம், இதுதான் முதல் தரம் என்றேன். சாக்பீஸ் எழுத்தைக்கூடக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். ஒரு துண்டை எடுத்து, கறுத்த இடத்தில் பேனா முனையை வைத்து அழுத்தினார். உள்ளே போனது. அந்த ஊர்க் காடுகளில் இந்த மரத்துக்குப் பூஞ்சை நோய் வந்திருக்கிறது என்று சொன்னார். முதலில் இலையில் வரும், அங்கிருந்து குச்சிக்கு இறங்கும், உச்சி காயும். பட்டை வாய் பிளக்கும். நோயில் இளைத்துப்போன மரத்துக்குள் அடியிலிருந்து வேறு பூஞ்சைகள் புகுந்து கட்டையையே தின்னும். வயதான மரத்தில் நடு கறுப்பது சாதாரணமாகவும் நடக்கும், அதனால் கறுத்ததெல்லாம் கெட்டதில்லை. ஆனால் நான் அடுக்கி வைத்திருந்தது பாதிக்கு மேல் உளுத்தது. சாகிற மரங்களை அவசரமாக வெட்டித் தள்ளுகிறார்கள், மலிவாக வருகிறது என்றால் அதனால்தான் இருக்கும் என்றார். அங்கே மரம் வெட்டுகிறவர்களே அதன்கிட்டே போகப் பயப்படுகிறார்களாம். எந்தக் கிளை எப்போது முறியும் என்று தெரியாதாம்.

பையிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். கோடைக்காலத்துக் காடு. மற்ற மரங்களெல்லாம் பச்சையாக நிற்க, நடுவே இந்த மரங்கள் மட்டும் உச்சியில் இலையில்லாமல், குச்சி குச்சியாக நின்றன. அடிப்பக்கம் கொஞ்சம் இலை இருந்தது. எண்ணூரில் சாம்பலும் புகையும் படிந்து கருகி நிற்கிற மரங்களைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. மரம் சாவதற்கு வருத்தப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தை என்னால் சட்டென்று திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உயிரோடு நிற்கும்போதே உள்ளே ஒன்றுமில்லாமல் போன மரத்தைத்தான் நான் தட்டிப் பார்த்து, எண்ணெய் தடவி, மச்சான் கையில் கொடுத்திருக்கிறேன்.

பிற்பாடு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தப் பூஞ்சை கிழக்கு ஆசியாவிலிருந்து போனது என்கிறார்கள். அங்கே இருக்கிற ஆஷ் வகை மரங்களுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, பழகிப்போன அண்டை வீட்டார் மாதிரி. யாரோ, எப்போதோ, நல்ல கன்று என்று நினைத்துக் கொண்டுபோன செடிகளோடு அது ஐரோப்பாவுக்குள் போயிருக்கலாம். அந்த யாரோ ஒருவரை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அவருக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே போயிருக்கும். எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். அடுக்கை டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிடு, வெளியே பேசாதே என்றார். ஏற்கெனவே வெளியே போன காம்புகள் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேறு எங்கேயும் யாருக்கும் அடிபட்டதாகச் சேதி வரவில்லை. என் காதுக்கு வராததாலும் இருக்கலாம். சாக்பீஸ் எழுத்தை ஈரத் துணியால் துடைத்தேன்.

அன்று சாயங்காலமே காலடிப்பேட்டைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தேன். தேரடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். வேலை போய்விடும் என்று பயம், அது ஒன்று. அதைவிடப் பெரிய பயம், அத்தை என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்பது. பிள்ளை கைவிட்டான், மாப்பிள்ளையாவது இருக்கிறான் என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளையைப் பார்க்காத முகத்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். வெட்கமில்லாமல் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தேன். தீபாவளி போகட்டும் என்றேன். கார்த்திகை போகட்டும் என்றேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாத ஒவ்வொரு நாளும், மறுநாள் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது.

தை மாதம் அத்தை படுத்துவிட்டாள். சர்க்கரை வியாதி, காலில் புண் ஆறவில்லை. பொங்கல் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனால், தட்டு, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் தலைமாட்டில் எடுத்து வைத்திருந்தது. மகன் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒன்று கிடையாது. கற்பூரத்தை அடித்துச் சொன்னால் சொன்னதுதான், பொய் சொன்னவன் விளங்க மாட்டான் என்று நம்புகிறவர்கள். குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன் என்றான் மச்சான். அதை அவள் கேட்கவில்லை. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். குடிக்கவேயில்லை என்று இவ்வளவு நாள் சாதித்தவன், இனிமேல் குடிக்க மாட்டேன் என்றால் அது ஒப்புக்கொள்வதுதான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தட்டை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தது. அவள் என்னைத்தான் காட்டினாள். மாப்பிள்ளை பிடிக்கட்டும், நல்ல கை என்றாள்.

பிடித்தேன். என் மனைவி கற்பூரத்தைக் கொளுத்தினாள். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அந்த நெருப்பு சரியாகத் தெரியக்கூட இல்லை, சூடு மட்டும் தட்டு வழியாக என் விரலுக்கு ஏறியது. ஒரே ஒரு வார்த்தை போதும். கட்டை உளுத்தது அத்தை, அவன் குடிக்கவில்லை. நாக்கு நுனியில் நின்றது. மச்சான் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். உதவி கேட்டா, சும்மாவா, எனக்குத் தெரியாது. பிறகு உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான்.

"இனிமே குடிக்க மாட்டேம்மா" என்றான்.

அத்தை அழுதாள். ஒன்றரை வருடம் கழித்து அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவன் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாள். வாயைத் துடைத்துவிடச் சொன்னாள். அதைப் பார்த்து எனக்கும் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடு, நடந்ததெல்லாம் நல்லதற்குத்தான், நான் வாயைத் திறக்காததும் நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்ததிலேயே அசிங்கமான நினைப்பு அதுதான். பங்குனியில் அத்தை போய்விட்டாள். தப்பு செய்த பிள்ளையை மன்னித்த நிம்மதியோடுதான் போனாள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் மச்சான் வீட்டைக் கழுவிவிட்டு, பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தான். நான் உதவிக்குப் போயிருந்தேன். பழைய கூடைகள், ஒரு ட்ரங்குப் பெட்டி, அவனுடைய சம்மட்டித் தலை. அப்புறம் ஒரு பேப்பர் சுருள். நான் யார்டிலிருந்து சுற்றிக்கொண்டு வந்த அதே பேப்பர். பிரித்தான். காம்பின் நீளத் துண்டு அதில் இருந்தது. வேட்டியால் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"சோக்கான கட்டை, சும்மா கெடக்குது. பட்டறைக்கு எட்துனு போயி சின்ன சுத்திக்கு காம்பு போட்டு யாருக்கனா குடு மச்சான். வைரம் வீணாப் போவக் கூடாது."

ஏறக்குறைய இரண்டு வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். கட்டை நல்லது, தன் கைதான் கெட்டது என்பதற்கு அத்தாட்சியாக. இப்போது அதை இன்னொருவன் கையில் கொடுக்கச் சொல்கிறான். வாங்கிக்கொண்டு போய் வழியில் எறிந்திருக்கலாம். அதைத்தான் செய்வேன் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கை ஏனோ கேட்கவில்லை. முறிந்த முனையில் கறுத்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். பிட்டுப்பிட்டாக உதிர்ந்தது. அவன் கழுவிவிட்ட தரையில் தவிட்டு நிறத்தில் விழுந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். தூர தேசத்துக் காட்டில் வந்த நோயிலிருந்து ஆரம்பித்து, பேனா முனை உள்ளே போனது வரைக்கும். கட்டை முழுக்க உளுத்தது, யார் அடித்திருந்தாலும் முறிந்திருக்கும் என்றேன். அவன் தரையில் குந்தி, உதிர்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அப்போ அன்னிக்கு நா ஒயுங்காத்தான் அட்ச்சிக்கீறேன்" என்றான். அதை இரண்டு தடவை சொன்னான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும், சொன்னது சரிதான் என்று எனக்கும் மூச்சு வந்தது. பிறகு அவன் தலையைத் தூக்கினான்.

"இது உனுக்கு எப்ப தெரியும்?"

தீபாவளிக்கு முன்னால் என்றேன். அவன் மனசுக்குள் மாதங்களைப் பின்னாலிருந்து எண்ணுகிறான் என்று தெரிந்தது. பங்குனி, மாசி, தை.

"அப்போ நா கற்பூரம் அடிச்ச அன்னிக்கு உனுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

அவன் கத்தவில்லை, என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம், நான் தடுத்திருக்க மாட்டேன். எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து, அந்தத் தூளைக் கூட்டி முறத்தில் அள்ளி, வெளியே கொட்டிவிட்டு வந்தான். டீ குடிக்கிறாயா என்று கேட்டான். போட்டுக் கொடுத்தான், குடித்தேன். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. தன் தங்கையிடமும் அவன் சொல்லவில்லை. நானேதான் பின்னால் சொன்னேன். அவன் இன்றைக்கும் குடிப்பதில்லை. குடித்தே அறியாதவன், குடிக்க மாட்டேன் என்று அடித்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

வருடா வருடம் பங்குனியில் அத்தையின் திதிக்குப் போகிறோம். இலை போட்டு, வாசலில் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். சொந்தக்காரர்கள் நிறைய பேர் நிற்பார்கள், நான் பின்னால் சுவரோரமாக நின்றுகொள்வேன். மச்சான் அந்த ஒற்றைக் கண்ணால் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நேரே வந்து, தட்டை என் கையில் கொடுப்பான். வேறு யாரிடமும் அவன் கொடுத்ததில்லை. நானும் வாங்கி, கற்பூரம் எரிந்து முடிகிறவரை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.